குளத்துக்குக் காவல்: ஜோர்டானின் பழைய ஹஜ் வழிக் கோட்டைகள்

முதல் நாள்: அம்மான் – ஜீஸா

டமாஸ்கஸிலிருந்து மதீனா சுமார் 1,300 கிலோமீட்டர். ரயில் வருவதற்கு முன், ஷாம் என்று அழைக்கப்பட்ட பழைய சிரியா தேசத்து ஹாஜிகள் இந்தத் தூரத்தை ஒட்டகத்திலும் கால்நடையாகவும் கடக்க ஏறக்குறைய நாற்பது நாள் பிடித்தது. அந்தப் பாதையில் ஜோர்டானுக்குள் வரும் பகுதியை, வடக்கிலிருந்து தெற்காக ஒவ்வொரு கோட்டையாகப் பார்த்தபடி போவதுதான் இந்தத் தொடர். நம் ஊர் ஹாஜிகளுக்கு இந்த வழியோடு பெரிய சம்பந்தம் கிடையாது. அவர்கள் கப்பலேறி ஜித்தாவில் இறங்கியவர்கள். இது சிரியா, துருக்கி, பால்கன் நாடுகள் வரையிலான மக்கள் நடந்த தரைவழி.

கோட்டை என்றதும் கராக், ஷோபக் போன்ற சிலுவைப்போர்க் காலத்துப் பிரம்மாண்டங்களை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இவை சின்னக் கட்டடங்கள். இந்த வரிசையில் நல்ல நிலையில் நிற்கும் கத்ரானா கோட்டை ஏறத்தாழ 22 மீட்டர் நீளம், 17 மீட்டர் அகலம். நம்மூர் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தைவிடப் பெரிதல்ல. பீரங்கியோடு வரும் படையைத் தடுப்பதற்கு இவற்றைக் கட்டவில்லை. பக்கத்தில் இருக்கும் குளத்தைக் காப்பதற்குக் கட்டினார்கள். ஆகவே எங்கள் யோசனை ஒன்றுதான்: காரை நிறுத்தியதும் முதலில் குளத்தைத் தேடுங்கள், பிறகு சுவரைப் பாருங்கள். அந்த வரிசையில் பார்த்தால்தான் கட்டடம் ஏன் அங்கே நிற்கிறது என்பது புரியும்.

பாதை ஏன் இவ்வளவு கிழக்கே, பாலைவன ஓரத்தில் போகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். மேற்கே, 'ராஜபாட்டை' என்று பழங்காலத்திலிருந்து பெயர் பெற்ற சாலையில் ஊர்களும் ஊற்றுகளும் உண்டு. ஆனால் முஜிப், ஹஸா என்ற இரண்டு பெரும் பள்ளத்தாக்குகள் அந்தச் சாலையைக் குறுக்கே வெட்டுகின்றன. பல்லாயிரம் ஒட்டகங்கள் சுமையோடு அந்தச் செங்குத்துச் சரிவுகளில் இறங்கி ஏறுவது பெரும்பாடு. கிழக்கே தள்ளிப் போனால் அதே ஓடைகள் தலைமடையில் ஆழமில்லாமல் கிடக்கின்றன, கடப்பது சுலபம். ஆனால் அங்கே தண்ணீர் கிடையாது. மேடு பள்ளமா, தண்ணீரா என்ற கேள்விக்கு உஸ்மானியர் (துருக்கியின் ஆட்டோமன் அரசு) தந்த பதில்: சமதளத்தில் போவோம், தண்ணீரை நாமே சேர்த்து வைப்போம். 1516இல் சிரியா அவர்கள் கைக்கு வந்தது. சுல்தான் சுலைமானின் ஆட்சியில் (1520–1566) கோட்டைகள் வரிசையாக எழும்பத் தொடங்கின. இன்றைய பாலைவன நெடுஞ்சாலையும், டமாஸ்கஸையும் மதீனாவையும் இணைத்த ஹிஜாஸ் ரயில்பாதையும் இதே கணக்கில்தான் போகின்றன. அதனால்தான் கோட்டைகள் பலவும் சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

ஏற்பாடுகள்: வாடகைக் கார் இல்லாமல் இந்த வரிசை முழுவதையும் பார்ப்பது கஷ்டம். அம்மானின் தெற்குப் பேருந்து நிலையத்திலிருந்து கராக், மஆன் ஊர்களுக்குச் சிற்றுந்துகள் உண்டு. ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். வழியில் இறக்கிவிடுவார்கள், ஆனால் அடுத்த வண்டி எப்போது வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. வெள்ளிக்கிழமை வண்டிகள் இன்னும் குறையும். அகபா போகும் ஜெட் (JETT) நிறுவனப் பேருந்து இந்தச் சாலையில்தான் ஓடுகிறது, ஆனால் இடையில் கோட்டைக்காக நிற்காது. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர், காரில் தனியாக 10 லிட்டர் கேன் ஒன்று. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். நெடுஞ்சாலையில் போலீஸ் சோதனைச் சாவடிகள் உண்டு. பெட்ராவும் திட்டத்தில் இருந்தால் ஜோர்டான் பாஸ் வாங்குவது லாபம், மூன்று இரவாவது தங்கினால் விசாக் கட்டணமும் மிச்சம். இந்தக் கோட்டைகளுக்காக மட்டும் அது தேவையில்லை.

மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்கள் நல்லவை. ஜூலையில் வந்து நண்பகலில் கருங்கல் சரளையில் நடந்து பார்த்தால் ஹாஜிகள் ஏன் இரவில் பயணம் செய்தார்கள் என்று விளக்கம் தேவைப்படாது.

இன்று ஜீஸா மட்டும். அம்மானுக்குத் தெற்கே, சர்வதேச விமான நிலையத்துக்கு அருகில். விமானத்திலிருந்து இறங்கியவர்களில் நூற்றில் ஒருவர்கூட இங்கே திரும்புவதில்லை. ரோமானியர் காலத்திலிருந்து வரும் பெரிய குளம் இங்கே இருக்கிறது. ஒரு பக்கத்தின் நீளமே நூறு மீட்டருக்கு மேல். உஸ்மானியர் எல்லாக் குளத்தையும் புதிதாக வெட்டவில்லை. ஏற்கெனவே தண்ணீர் நின்ற இடத்தைத் தேர்ந்தெடுத்து, தூர் வாரி, கரையைச் செப்பனிட்டுப் பக்கத்தில் காவல் வைத்தார்கள். ஜீஸாவின் கோட்டைக் கட்டடம் பல கைகள் மாறி, பல முறை ஒட்டுப்போடப்பட்டது. குளக்கரையில் அரை மணி நேரம் போதும். ஹிஜாஸ் ரயிலில் அம்மானின் பழைய நிலையத்திலிருந்து ஜீஸா வரை சுற்றுலா வண்டி அவ்வப்போது ஓடுகிறது. நாள் ஒத்துவந்தால் அதில் வருவதும் நல்ல வழி.

இரண்டாம் நாள்: தப்ஆ – கத்ரானா

தப்ஆ 18ஆம் நூற்றாண்டுக் கோட்டை. நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். இங்கே கவனிக்க வேண்டியது மூலைகள். சுவரின் மேல் பகுதியில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் சின்னக் காவல் கூண்டுகள் 18ஆம் நூற்றாண்டுக் கோட்டைகளின் அடையாளம். சுலைமான் காலத்துக் கோட்டைகளில் மூலை மொட்டையாக இருக்கும். துப்பாக்கி பாலைவன நாடோடிகளான பதூயின்களின் கைகளுக்கும் பரவிய பிறகு, சுவரடியில் வந்து ஒண்டி நிற்பவனைப் பக்கவாட்டிலிருந்து சுட இடம் வேண்டியிருந்தது. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் இனி எந்தக் கோட்டையின் வயதையும் தூரத்திலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம்.

தப்ஆவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டாம். நாளின் மிச்சம் முழுவதும் கத்ரானாவுக்கு.

கத்ரானா அம்மானிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். மேற்கே கராக் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது. லாரிக்காரர்கள் சாப்பிட நிற்கும் ஊர். டீசலும் வறுத்த கோழியும் கலந்த வாசனை எந்நேரமும் இருக்கும். கோட்டை ஊரின் ஓரத்தில், நெடுஞ்சாலைக்கு அருகிலேயே தனியாக நிற்கிறது. 1559இல் கட்டியது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துருக்கியின் உதவியோடு புதுப்பித்திருக்கிறார்கள். அதனால் சில இடங்களில் கல் கொஞ்சம் அதிகப்படியாகவே புதிதாக இருக்கிறது. பழமை அப்படியே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு உறுத்தலாம். ஆனால் மற்றக் கோட்டைகள் இருக்கும் நிலையைப் பார்த்தால், இங்கே மாடிக்கு ஏற முடிவதே பெரிது.

கதவு பூட்டியிருப்பதற்கு வாய்ப்பு அதிகம். பதற வேண்டாம். பக்கத்துக் கடையில் "அல் மிஃப்தாஹ் மஅ மீன்?" என்று கேளுங்கள், சாவி யாரிடம் என்று யாராவது சொல்வார்கள். காலை 9 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் முயன்றால் பலன் அதிகம். ரமளான் மாதத்தில் மதியத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

உள்ளே போவதற்கு முன், சொன்னபடி, குளம். கோட்டையை ஒட்டிய ஓடையில் மழைக்காலத்தில் மட்டும் வெள்ளம் வரும். ஆண்டு மழையே 100 மில்லிமீட்டர் சுற்றுவட்டாரத்தில்தான். அதுவும் நவம்பரிலிருந்து ஏப்ரலுக்குள், சில நாட்களில் ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்தச் சில மணி நேர வெள்ளத்தைப் பிடித்தால்தான் உண்டு. வரிசை இது: ஓடையில் ஒரு தடுப்பணை, அங்கிருந்து வரத்துக்கால், வண்டல் படிவதற்கு ஒரு சிறு தொட்டி, பிறகு பெரிய குளம். வெள்ளம் சிறு தொட்டியில் வேகம் இழக்கும், மணலும் களிமண்ணும் அடியில் தங்கும், தெளிந்த நீர் மேலே வழிந்து குளத்துக்குப் போகும். கண்மாயும் கலிங்கும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே வித்தியாசம், இங்கே ஆண்டுக்கு ஓரிரு வாய்ப்புதான் கிடைக்கும்.

குளத்துச் சுவரின் உட்புறத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். சுண்ணாம்புக் காரை பல அடுக்காகப் பூசியிருக்கும். பழைய பூச்சின் மேல் புதுப் பூச்சு ஒட்டுவதற்காக அடியில் கொத்திவிட்ட தழும்புகள் சில இடங்களில் வெளியே தெரியும். பூச்சு உரிந்த இடத்தில் கல் இடுக்கு வழியாக நீர் கசியும். கசிவு ஒரு விரல் அகலம் இருந்தாலும் அடுத்த ஹஜ் வருவதற்குள் குளம் காலி. கரையில் ஏறக்குறைய ஓர் ஆள் உயரத்துக்கு மேல் வெள்ளைக் கோடு ஒன்று போகும். அதுதான் நிரம்பிய காலத்து நீர்மட்டம்.

இப்போது கொஞ்சம் கணக்கு. 1876இல் டமாஸ்கஸிலிருந்து கிளம்பிய வணிகக் கூட்டமும் ஹாஜிகளும் சேர்ந்த அணியில் சுமார் 6,000 பேர், 10,000 கால்நடைகள். பெரும்பாலும் ஒட்டகங்கள். தாகத்தோடு வரும் ஒட்டகம் ஒரே மூச்சில் 100 லிட்டர் வரை குடிக்கும். சராசரி 60 லிட்டர் என்று வைத்தாலும் 6 லட்சம் லிட்டர், அதாவது 600 கன மீட்டர். மனிதர்களின் குடிநீர், தோல் பைகளில் எடுத்துச் செல்வது எல்லாம் தனி. பக்கத்துக்கு 30 மீட்டர், ஆழம் 4 மீட்டர் உள்ள ஒரு குளம் 3,600 கன மீட்டர் கொள்ளும். போதும் என்று தோன்றும். ஆனால் இந்த வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு சென்டிமீட்டர் வரை ஆவியாகிவிடும். ஐந்து மாதம் காத்திருந்தால் நாலு மீட்டரில் ஒன்றரை மீட்டர் மேலே போய்விட்டது. அடியில் அரை மீட்டர் சேறு. மிச்சம் பாதிதான். அதிலும் முதலில் வருபவன் கலக்கிவிட்டால் பின்னால் வருபவனுக்குக் கிடைப்பது சேற்று நீர்.

இங்கேதான் எல்லாரும் தவறவிடும் விஷயம். மழை சூரியக் கணக்கில் வருகிறது, ஹஜ் சந்திரக் கணக்கில் வருகிறது. ஹஜ் மாதம் ஆண்டுக்கு 11 நாள் முன்னே நகர்ந்து, 33 ஆண்டுகளில் எல்லாப் பருவத்தையும் சுற்றிவிடும். குளிர்காலத்தில் ஹஜ் விழும் ஆண்டுகளில் குளம் புது நீரோடு இருக்கும். கோடைக் கடைசியில் விழும் ஆண்டுகளில் எட்டு மாதப் பழைய நீர், அதுவும் பாதிக்குளம். குளத்தைக் கட்டியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் குளம் மட்டும் போதாது, அதற்குப் பூட்டுப் போட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பூட்டுதான் கோட்டை. ஹாஜிகள் வராத பதினோரு மாதமும் அந்தத் தண்ணீரை மேய்ச்சல்காரர்களின் மந்தைகளிடமிருந்து காப்பாற்றுவது காவலர்களின் வேலை. மந்தைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. அவர்களுடைய ஓடையில் வந்த வெள்ளம்தானே அது.

இப்போது உள்ளே போகலாம். ஒரே வாசல். தலைக்கு மேல் சுவரிலிருந்து துருத்தி நிற்கும் கல் பெட்டியின் அடிப்பக்கம் திறந்திருக்கும். கதவை உடைக்க வருபவர்கள் மேல் கல்லும் நெருப்பும் கொட்டுவதற்கு. நடுவில் முற்றம், சுற்றிலும் வளைவுக்கூரை அறைகள். கீழ்த்தளம் தானியத்துக்கும் மிருகங்களுக்கும், மேல்தளம் ஆட்களுக்கு. சுவரில் உள்ள துப்பாக்கித் துளைகளில் ஒன்றின் முன் குனிந்து நில்லுங்கள். உட்பக்கம் ஒரு ஆள் தோளைச் சாய்க்கும் அகலம், வெளிப்பக்கம் நாலு விரல் இடைவெளி. உள்ளிருப்பவன் இடமும் வலமும் துப்பாக்கியைத் திருப்பலாம், வெளியிலிருந்து குறிபார்ப்பவனுக்கு இலக்கு ஒரு கோடுதான். அதன் வழியே பார்த்தால் எங்கே பார்வை விழுகிறது என்று கவனியுங்கள்.

மாடிப் படிகள் உயரமானவை, தேய்ந்தவை. கைப்பிடிச் சுவரை நம்பிச் சாயாதீர்கள். திசை தெரிய காம்பஸ் தேவையில்லை. இங்கிருந்து மக்கா தெற்கே, சற்றுக் கிழக்காகச் சாய்ந்து இருக்கிறது. தொழுகை மாடத்தின் வளைவு அந்தப் பக்கம் நோக்கும்.

1757இல் இந்த இடம் பெயர் பெற்றது வேறு காரணத்துக்காக. ஹஜ் முடித்துத் திரும்பும் கூட்டத்துக்கு உணவும் தீவனமும் கொண்டுபோக, ஜுர்தா என்ற துணை அணியை ஆண்டுதோறும் வடக்கிலிருந்து அனுப்புவார்கள். அந்த ஆண்டு ஜுர்தாவைக் கத்ரானாவிலேயே மடக்கிக் கொள்ளையடித்துவிட்டார்கள். அதற்குத் தெற்கே, தபூக்கிலிருந்து கிளம்பிய பெருங்கூட்டம் தாத் ஹஜ் என்ற இடம் சேர்வதற்குள் பனீ ஸக்ர் குலத்தின் தலைமையிலான பதூயின்களிடம் சிக்கியது. வெட்டுப்பட்டும் பசியிலும் தாகத்திலும் இறந்தவர்கள் 20,000 பேர் என்று சொல்லப்படுகிறது. இதை வெறும் கொள்ளை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் கடும் வறட்சி. வழியைக் காப்பதற்காகக் குலங்களுக்கு அரசு கொடுத்துவந்த பணத்திலும் ஒட்டகம் தரும் குத்தகையிலும் பனீ ஸக்ர் ஓரங்கட்டப்பட்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஹஜ் விழுந்தது ஆகஸ்ட் கடைசியில். திரும்பும் காலம் செப்டம்பர், அக்டோபர். குளங்கள் அடிமட்டத்தில் இருக்கும் மாதங்கள்.

தங்க கத்ரானாவில் சாலையோர விடுதிகள் சில உண்டு, சுமார் ரகம். கராக் போய்த் தங்கினால் சாப்பாடும் நன்றாக இருக்கும். நாளை காலை திரும்பி வர 40 நிமிடம் போதும்.

மூன்றாம் நாள்: அல்-ஹஸா – உனைஸா

கத்ரானாவிலிருந்து ஹஸா, ஹஸாவிலிருந்து உனைஸா, உனைஸாவிலிருந்து மஆன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 40, 50 கிலோமீட்டர் இடைவெளி. சுமை ஒட்டகம் மணிக்கு 4 கிலோமீட்டர் போகும், பதினோரு பன்னிரண்டு மணி நேர நடை. வரைபடத்தில் கோட்டைகள் சீராக விழுவதற்கு இதுதான் காரணம். காரில் அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரத்தில் கண் சாலையிலேயே இருக்கட்டும். பாஸ்பேட் லாரிகள் இந்தப் பகுதியில்தான் அதிகம். ஹஸா பாஸ்பேட் சுரங்கங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். நெடுஞ்சாலையை அகலப்படுத்திப் புதுப்பித்துவிட்டார்கள், ஆனாலும் காற்றடித்தால் வெள்ளைப் புழுதி எழுந்து நூறு மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அப்படி எழுந்தால் வேகத்தைக் குறைத்து விளக்கைப் போடுங்கள், நடுச்சாலையில் நிறுத்தாதீர்கள். ஊர்களுக்குள் நுழையும் இடத்தில் வேகத்தடைகள் முன்னறிவிப்பு இல்லாமல் வரும்.

ஹஸா கோட்டை 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1757க்குப் பிறகு வழி நெடுகச் செய்த பலப்படுத்தல்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய கட்டடம். கோட்டை பார்க்க வந்தவர்கள் பலர் அதைச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பக்கத்தில் ஓடையின் மேல் உள்ள கல் பாலத்தையும் அதற்கு இருபுறமும் கல் பாவிய சாலைத் துண்டையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் கருத்தில் ஹஸாவின் அருமை அதுதான்.

பாலைவனத்தில் பாலம் எதற்கு? ஒட்டகத்தின் பாதம் மெத்தென்று அகன்றது. மணலில் புதையாது, சரளையில் வழுக்காது. ஈரக் களிமண்ணில்தான் ஆபத்து. பின்கால்கள் இரண்டும் இருபுறமாக அகன்று வழுக்கினால் இடுப்பு பிளந்து விழும், பிறகு எழுந்திருக்காது. இருநூறு கிலோ சுமையோடு விழுந்த ஒட்டகம் பின்னால் வரும் முழு வரிசையையும் நிறுத்திவிடும். ஹஜ் குளிர்காலத்தில் விழும் ஆண்டுகளில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, சேறுதான் எதிரி. ஹஸா ஓடைப்படுகை முழுவதும் நுண்ணிய களிமண். ஆகவே இங்கே பாலமும் பாவிய சாலையும். கற்களைப் பாருங்கள், வழவழப்பாக இழைக்காமல் சொரசொரப்பாகவே விட்டிருப்பார்கள்.

மழை வானம் தெரிந்தால் ஓடைப்படுகையில் இறங்க வேண்டாம். தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் கிழக்கே எங்கோ பெய்த மழை இரண்டு மணி நேரம் கழித்து இங்கே வந்து சேரும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை இது உண்மையான அபாயம்.

உனைஸா எரிமலைக் கருங்கல் குன்று ஒன்றின் அடியில் இருக்கிறது. குன்று தூரத்திலிருந்தே கறுப்பாகத் தெரிவதால் வழி தவறாது. கோட்டை பெருமளவு இடிந்துவிட்டது. இடிபாட்டைப் பார்க்கும்போது தரையில் ஆங்காங்கே புதுக்குழிகள் தெரியும். இயற்கையாக விழுந்தவை அல்ல. துருக்கியர் பின்வாங்கும்போது தங்கம் புதைத்துவிட்டுப் போனார்கள் என்ற நம்பிக்கை ஜோர்டான் கிராமங்களில் இன்னும் வலுவாக இருக்கிறது. இரவில் வந்து அஸ்திவாரத்தைத் தோண்டுகிறார்கள், சுவர் அடியோடு சாய்கிறது. மண்வெட்டி, உலோகம் காட்டும் கருவி எதையும் காரில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வராதீர்கள். முகாம் போடத்தான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

முதல் உலகப் போரில் நிலக்கரி கிடைக்காமல் ரயில் எஞ்சினுக்கு விறகு தேவைப்பட்டபோது, உனைஸாவிலிருந்து ஷோபக் மலைப்பக்கம் ஒரு கிளைப்பாதை போட்டு அங்கிருந்த கருவாலி (ஓக்) காடுகளை வெட்டினார்கள். அந்தக் காடு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

நான்காம் நாள்: மஆன்

நெடுஞ்சாலை வழியில் இதுவரை பார்த்தவை வெட்ட வெளிக் கோட்டைகள். மஆன் ஊர். ஊற்றும் தோட்டமும் மாதுளையும் பேரீச்சையும் உள்ள ஊர். வடக்கே ஷாமிய்யா, தெற்கே ஹிஜாஸிய்யா என்று இரண்டு பகுதி. ஹாஜிகளுக்கு ரொட்டி, பழம், தீவனம், ஒட்டகம் விற்பதே ஊரின் பெரிய பிழைப்பு. 1326இல் இந்த வழியே போன மொராக்கோ பயணி இப்னு பதூதா, ஷாம் தேசத்தின் கடைசி ஊர் மஆன் என்று குறித்திருக்கிறார். இதற்கு அப்பால் உள்ள பாலையில் நுழைபவன் தொலைந்தவன், வெளியே வருபவன் புதிதாகப் பிறந்தவன் என்ற பேச்சு அப்போதே இருந்தது.

கோட்டை சுலைமான் காலத்தது, கத்ரானாவின் குடும்பத்தைச் சேர்ந்த அமைப்பு: சதுர முற்றம், ஒற்றை வாசல், மொட்டை மூலைகள். பிற்காலத்தில் சிறையாகவும் பயன்பட்டது. கத்ரானாவைப் பார்த்தவர்களுக்கு உள்ளே புதிதாக அதிகம் இல்லை. சுற்றிலும் உள்ள பழைய தோட்டங்களுக்கும் இடிந்துகொண்டிருக்கும் மண் செங்கல் வீடுகளுக்கும் நடுவே நடப்பதுதான் மஆனில் செய்ய வேண்டியது. மண் சுவருக்கு இடையிலான சந்துகளில் வாய்க்கால்கள் போன தடம் தெரியும்.

ஊரின் மறுபக்கம் ரயில் நிலையம். ஹிஜாஸ் ரயில் 1900இல் தொடங்கி, 1904இல் மஆனைத் தொட்டு, 1906இல் தபூக், 1908இல் மதீனா சேர்ந்தது. தண்டவாள அகலம் 1,050 மில்லிமீட்டர், நம் மீட்டர்கேஜைவிட ஐந்து சென்டிமீட்டர் அதிகம். கட்டுமானச் செலவுக்கு உலகம் முழுவதிலுமிருந்து முஸ்லிம்கள் நன்கொடை அனுப்பினார்கள், இந்தியாவிலிருந்தும் கணிசமாகப் போனது. நாற்பது நாள் வழி மூன்று நாளாகச் சுருங்கியதும் கோட்டைகளுக்கு வேலை போய்விட்டது. ஆனால் நீராவி எஞ்சினுக்கும் தண்ணீர் வேண்டுமே. அதனால்தான் நிலையங்கள் பலவற்றைக் கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் கட்டினார்கள். நிலைய வளாகத்தில் 1920 நவம்பரில் அமீர் அப்துல்லா (பின்னாளில் ஜோர்டானின் முதல் மன்னர்) வந்து தங்கிய கட்டடம் சிறு அருங்காட்சியகமாக இருக்கிறது.

மஆன் கட்டுப்பெட்டியான ஊர். ஆணோ பெண்ணோ முழங்கால் தெரியும் உடையைத் தவிருங்கள். அரசியல் கொந்தளிப்பு அவ்வப்போது வரும் ஊரும்கூட. கிளம்புமுன் அன்றைய செய்தியைப் பாருங்கள். தங்குவதற்கு வாதி மூஸா மேற்கே முக்கால் மணி நேரத்தில் இருக்கிறது, விடுதிகள் அங்கேதான் ஏராளம்.

ஐந்தாம் நாள்: ஃபஸூஆ – முதவ்வரா

இன்று கிளம்புமுன் மஆனிலேயே டேங்கை நிரப்புங்கள். முதவ்வரா சுமார் 110 கிலோமீட்டர். நடுவில் பெட்ரோல் பங்க் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கூடுதல் டயர் ஒன்று நல்ல காற்றோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்குள்ள தீக்கல் சரளையின் விளிம்பு பிளேடு மாதிரி. தார்ச்சாலையை விட்டு இறங்கினால் டயரின் பக்கச்சுவரைத்தான் முதலில் கிழிக்கும், பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்டவும் முடியாது. டயரில் காற்றைக் குறைக்கும் மணல் வித்தை இந்தச் சரளையில் எதிர்மறையாகத்தான் முடியும்.

ஃபஸூஆ கோட்டை பீடபூமியின் விளிம்பில், தார்ச்சாலையிலிருந்து விலகி நிற்கிறது. நாலு சக்கர இயக்கம் உள்ள வண்டியும் வழி தெரிந்த உள்ளூர் ஆளும் இல்லாமல் முயல வேண்டாம். 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம், பக்கத்தில் நீர்த்தொட்டிகள். இதற்கு அப்பால் நிலம் திடீரென்று பத்ன் அல்-கூல் சரிவில் இறங்குகிறது. ஒட்டகங்களை ஒவ்வொன்றாக இறக்க வேண்டிய இடம். ரயில்பாதையும் இங்கே வளைந்து வளைந்து இறங்குகிறது. மேலிருந்து பார்த்தால் பழைய மண் தடங்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு போவது தெரியும். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பிறகும் சாய்வெயிலில்தான் அவை கண்ணுக்குப் படும், நண்பகலில் எல்லாம் ஒரே தட்டை.

தொட்டிகளின் மேல் வளைவுக்கூரை இருந்தால் அதன் மேல் நடக்காதீர்கள். அடியில் காரை உதிர்ந்து கல் வெறும் அழுத்தத்தில் நின்றுகொண்டிருக்கும். உள்ளே இறங்கவும் வேண்டாம். பாம்பும் தேளும் ஒதுங்குவது அந்த நிழலில்தான், விழுந்தால் கூப்பிடக் கைபேசிச் சிக்னலும் கிடைக்காது.

முதவ்வரா சவூதி எல்லைக்குச் சற்று முன்னால். 18ஆம் நூற்றாண்டுக் கோட்டை, பெரும்பகுதி சரிந்து கற்குவியலாகிவிட்டது. இதைப் பார்க்க இவ்வளவு தூரம் வருவானேன் என்று கேட்டால், பதில் மறுபடியும் தண்ணீர்தான். சுற்றுவட்டாரத்தில் பெரிய அளவில் நீர் கிடைத்த இடம் இது ஒன்றே. முதல் உலகப் போரில் மஆனுக்கும் தபூக்குக்கும் இடையில் ரயில் எஞ்சின்கள் முதவ்வராவின் கிணற்றை நம்பியே ஓடின. 1917 செப்டம்பரில் சற்றுத் தெற்கே ஹல்லத் அம்மார் அருகே அரபுக் கிளர்ச்சிப் படையினர் ரயிலைக் கண்ணிவெடி வைத்துக் கவிழ்த்தார்கள். ஆனாலும் துருக்கியர் பாதையைச் செப்பனிட்டு ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 1918 ஆகஸ்ட் 8ஆம் தேதி பிரிட்டனின் ஒட்டகப் படை முதவ்வரா நிலையத்தைப் பிடித்தது. பிடித்ததும் செய்த முக்கியமான வேலை, கிணற்றையும் நீர் ஏற்றும் எஞ்சின்களையும் தகர்த்தது. தண்டவாளத்தை ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம், இதற்கு மாற்று கிடையாது.

ராணுவம், எல்லைக் காவல் கட்டடங்கள் எதையும் படம் எடுக்காதீர்கள். கோட்டையைப் படமெடுக்கும்போதும் பின்னணியில் கோபுரமோ கம்பமோ விழுகிறதா என்று பாருங்கள். போலீஸ் கேட்டால் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு, கோட்டை பார்க்க வந்தோம் என்று சொன்னால் போதும். பெரும்பாலும் தேநீரில்தான் முடியும்.

ஜோர்டான் வாடகைக் காரில் எல்லை தாண்ட அனுமதி பொதுவாகக் கிடையாது. ஆகவே இந்தக் காரோடு இங்கேயே திரும்ப வேண்டியதுதான். வழியின் மிச்சத்தைப் பார்க்க நினைப்பவர்கள் சவூதியின் சுற்றுலா விசா எடுத்துத் தபூக்கில் இறங்கித் தெற்கே போகலாம். தபூக் கோட்டை கத்ரானாவைப் போலவே 1559ஆம் ஆண்டைச் சேர்ந்தது, 1654இலும் 1844இலும் புதுப்பித்தது, நகருக்கு நடுவில் நல்ல பராமரிப்பில் இருக்கிறது. அதற்குத் தெற்கே அக்தர், முஅஸ்ஸம், மதாயின் ஸாலிஹ். முஅஸ்ஸம் குளம் உஸ்மானியருக்கு முன்பே அய்யூபிய மன்னர் அல்-முஅஸ்ஸம் பெயரால் வழங்கியது, கோட்டை 1622இல் வந்து சேர்ந்தது. அந்த மூன்றுக்கும் தபூக்கிலிருந்து தனி வண்டியும் குறைந்தது இரண்டு நாளும் ஒதுக்குங்கள்.

மஆன் திரும்பும் சாலையில் இருட்டுவதற்குள் வந்துவிடுங்கள். மேயும் ஒட்டகங்கள் இரவில் வெதுவெதுப்பான தார்ச்சாலையில் வந்து நிற்கும், முகப்பு விளக்கில் கால்கள் மட்டும்தான் கடைசி நேரத்தில் தெரியும்.